பாதம் பணிதலும் கால் பிடித்தலும்

தமிழிலே பாதத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அடி, தாள், கழல், சரணம் என அவை விரிந்து செல்லும். இச்சொற்களிற் பெரும்பாலானவை இறைவனோடும் பெரியோரோடும் சார்த்தியே ஆளப்படுவன. திருக்குறளின் முதல் அதிகாரமாகிய கடவுள் வாழ்த்திலுள்ள 10 குறள்களுள் 7 குறள்கள் இறைவனின் அடியையோ தாளையோ கூறுகின்றன. அவனது முகத்தைப்பற்றி அவ்வதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை. நாயன்மாரும் ஆழ்வாரும் வேண்டி நின்றது திருவடிப் பேற்றையே. நமது நாட்டிலே 2243 மீற்றர் உயர்ந்து நிற்கும் சிவனொளிபாதமலையின் உச்சியிலே வழிபடப்படுவதும் ஒரு காலடிச் சுவடே. அதனைப் பௌத்தர் புத்தபிரானுடையதென்பர், சைவர் சிவபெருமானுடையதென்பர், இஸ்லாமியர் ஆதிபிதா ஆதமுடையதென்பர், கிறித்தவருட் சிலர் புனித தோமையாருடையதென்பர். யாருடைய பாதம் என்பதிலே கருத்து வேறுபாடு உண்டு. பாதம் வணக்கத்துக்குரியது என்பதில் எவரும் வேறுபட்டிலர்.

ஆயினும், இதே பாதம் நமது அன்றாடப் பேச்சிலே அடையும் நிலை வேறு. ஒருவனை இழித்துரைக்க விரும்புவோர் அவன் தமது கால் தூசுக்கும் ஒப்பாகான் என்பர். தன்மானத்தை விட்டு ஒன்றைப் பெற்றவனைக் 'காலைப் பிடித்துக் காரியம் பார்த்தவன்' என்பர். இவ்விடத்தில் மொழி நோக்கிற் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. 'காலைப் பிடித்தல்' என்பது கெஞ்சுதலையும் இரத்தலையும் குறிக்கின்றது. அதனோடு 'விடு' என்னும் துணைவினை சேர்ந்து 'காலைப் பிடித்து விடுதல்' என வருமிடத்துப் பொருள் முற்றிலும் மாறிவிடுகின்றது. தலை வாரி விடுதல், சோறு ஊட்டி விடுதல், எண்ணெய் தேய்த்து விடுதல் என்பவற்றில் வரும் அதே துணைவினைதான் இங்கும் வருகின்றது. இது பிறர் பொருட்டுச் செய்யும் செயலை உணர்த்துவது. முன்னையதிற் பயன் பிடிப்பவனைச் சேரும். பின்னையதிற் பயன் காலுக்குரியவரைச் சேரும். இத்துணை பெரிய வேற்றுமையை ஒரு சிறு துணைவினை தாங்கி நிற்கின்றது.

எனினும், பிறர் பொருட்டான இப்பணி நமது சமூகத்தில் எத்திசையிலே நிகழ்ந்து வந்துள்ளது என்பது ஆராயற்பாலது. பாற்கடலிற் பாம்பணைமேற் பள்ளிகொண்ட திருமாலின் படத்தை நம்மிற் பலர் கண்டிருப்போம். அவன் திருவடிகளைத் திருமகள் வருடிக்கொண்டிருப்பாள். திருமகளின் கால்களை எவரேனும் வருடும் படத்தை நான் கண்டதில்லை. குருவின் காலைச் சீடனும், எசமானின் காலை ஏவலாளனும், கணவனின் காலை மனைவியும், மாமியின் காலை மருமகளும் பிடித்துவிடுதலே வழக்கமாக இருந்து வந்தது. சேவை என்பது கீழிருந்து மேல்நோக்கிப் பாயும் ஒன்றாகவே கருதப்பட்டது. இதற்கு மாறான ஒரு காட்சியைக் கிறித்தவ மரபிலே காண்கிறோம். இயேசுநாதர் தம் சீடரின் பாதங்களைத் தாமே கழுவியதை நினைவுகூர்ந்து, பெரிய வியாழனன்று குருவானவர் பொதுமக்களின் பாதங்களைக் கழுவுகின்றார். அச்சடங்கிலும் ஆண்களின் பாதங்களே கழுவப்படவேண்டும் என்னும் விதி கத்தோலிக்க திருச்சபையில் நெடுங்காலம் இருந்தது. பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என 2016ஆம் ஆண்டிலேதான் அவ்விதி முறைப்படி திருத்தப்பட்டது. தலைகீழாக்கப்பட்ட சடங்கினுள்ளேயும் பெண்ணின் பாதம் இடம்பெறுவதற்கு அத்துணை காலம் சென்றது என்பது சிந்திக்கத்தக்கது.

இத்திசையைப்பற்றி நான் எண்ணத் தொடங்கியது நூல் நிலையத்திலன்று. எங்கள் வீட்டு அடுப்பங்கரையிலே. மஸ்கெலியாப் பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலே எங்கள் காம்பரா இருக்கின்றது. என் தாயார் கொழுந்து பறிப்பவர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அதுவே அவரது தொழில். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிரட்டுக்குச் சென்று, பின்னர் மலைக்கு ஏறுவார். இடுப்பிலே படங்கு, முதுகிலே கூடை. சரிவான நிலத்திலே ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்றே நாள் முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். மழைக்காலத்திற் செருப்பு வழுக்கும் என்பதனால் வெறுங்காலுடனேயே ஏறுவார். கவ்வாத்து வெட்டிய மலையிலே மிலாறு குத்தும்; ஈரமான இடங்களில் அட்டை கடிக்கும். நிறைந்த கூடையுடன் நிறுவைக்கு இறங்குவது ஏறுவதிலும் கடினம். கூடையின் பாரம் முழுவதையும் பெருவிரல்களே தாங்கிப்பிடிக்க வேண்டும். தேயிலையைப்பற்றிப் பேசுவோர் கொழுந்து கிள்ளும் விரல்களைப்பற்றியே பேசுவர். விளம்பரப் படங்களிலும் அவ்விரல்களே தெரியும்; கால்களைத் தேயிலைச் செடிகள் மறைத்துவிடும்.

மலையக மக்களின் வரலாறே காலால் எழுதப்பட்டதெனின் மிகையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையிலே இறங்கி, காடுகளினூடாக மாத்தளைவரை நடந்தே வந்தனர். அவ்வழியிற் பசியாலும் நோயாலும் மாண்டோர் பலர். அவ்வருகையின் 200ஆம் ஆண்டு நினைவாக 2023ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டோர் ஓகஸ்ட் மாதத்தில் மாத்தளையை நடந்தே அடைந்தனர். ஒரு சமூகம் தன் முன்னோரை நினைவுகூர்வதற்கு நடையையே தேர்ந்தெடுத்தது பொருத்தமானதே. அந்த நடை மாத்தளையோடு முடிந்துவிடவில்லை என்பதை மாலையிலே வீடு திரும்பும் ஒவ்வொரு தாயின் காலும் கூறிக்கொண்டிருக்கின்றது.

முதலாம் ஆண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறைக்கு நான் வீடு சென்றிருந்தபோது, ஒருநாள் மாலை அம்மா இஸ்தோப்பிலே அமர்ந்து தம் கால்களைத் தாமே அமுக்கிக்கொண்டிருந்தார். நான் பேசினிலே சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்து அவர் காலைத் தொட்டேன். அவர் நெருப்பை மிதித்தவர்போற் காலை இழுத்துக்கொண்டார்.

"ஐயையோ, வேணாம் ராசா. படிக்கிற புள்ள ஏங் காலத் தொடக் கூடாது. நாலு பேரு பாத்தா என்னா சொல்லுவாங்க?" என்றார்.

அவர் கூறிய இரு காரணங்களும் கவனத்துக்குரியன. முதலாவது, படிப்பு ஒருவனை உயர்த்திவிடுகின்றது, உயர்ந்தவன் தாழ்ந்ததைத் தொடலாகாது என்பது. இரண்டாவது, அயலவர் கண். தம் பாதம் தாழ்ந்தது என்பதை அவர் ஐயமின்றி நம்பினார். எந்தக் கால்கள் மலையேறி உழைத்ததனால் நான் படித்தேனோ, அந்தக் கால்களைத் தொடுவதற்கு அப்படிப்பே தடையாயிற்று. அன்று நான் வாதாடவில்லை. "கோயில்ல விழுந்து கும்பிடுறப்ப மட்டும் தொடலாமா?" என்று மாத்திரம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அச்சிரிப்பினிடையே கால் தண்ணீருக்குள் வந்துவிட்டது.

காலைப் பிடித்து விடுதல் எளிய செயலாயினும் அதற்கும் முறையுண்டு. தண்ணீர் கை பொறுக்கும் இளஞ்சூட்டில் இருத்தல் வேண்டும். அதிலே ஒரு கைப்பிடி உப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பத்து நிமிடம் கால் ஊறினாற் போதும். அதன்பின் துவாயினால் ஈரத்தை ஒற்றியெடுத்து, விரலிடுக்குகளை நன்கு உலர்த்த வேண்டும். அங்கே ஈரம் தங்கின் சேற்றுப்புண் வரும். பிடிப்பவர் தாழ்வாக அமர்ந்து, மற்றவரின் குதிக்காலைத் தம் தொடைமீது வைத்துக்கொள்வது இருவருக்கும் வசதி. தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ சில துளிகளை முதலிலே தம் உள்ளங்கையிற் பரப்பிச் சூடேற்றிக்கொண்டு, பின்னர் பாதம் முழுவதையும் இரு கைகளாலும் பொதிந்து பிடித்தல் வேண்டும். உடனே அழுத்தத் தொடங்கலாகாது. அந்நியக் கையை உடல் ஏற்றுக்கொள்வதற்குச் சற்று நேரம் தேவை.

அடுத்து, இரு பெருவிரல்களாலும் குதிக்காலிலிருந்து விரல்களை நோக்கி உள்ளங்காலை மெதுவாக நீவி வர வேண்டும். குதிக்கால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்த்தசை விரிந்து, பாதத்தின் வளைவை வில்லின் நாண்போலத் தாங்கி நிற்கின்றது. நாள் முழுவதும் நிற்போருக்கு இறுகி நோவது பெரும்பாலும் இதுவே. வளைவிலே சற்று அழுத்தமாகவும், விரல்களின் அடியிலே வட்டமாகவும் தேய்த்தல் நன்று. ஒவ்வொரு விரலையும் தனித்தனியே பிடித்து, இலேசாக இழுத்துச் சுழற்ற வேண்டும். சொடக்கு எடுக்க முனைதல் ஆகாது. கணுக்காலைச் சுற்றி விரல்நுனிகளாலும், கெண்டைக்காலிலே உள்ளங்கையாலும் கீழிருந்து மேலாக நீவ வேண்டும். மேல்நோக்கி நீவுவதற்குக் காரணம் உண்டு. பாதத்துக்கு இறங்கிய குருதியை மீண்டும் இருதயத்துக்கு ஏற்றிவிடுவதற்குக் கெண்டைக்கால் தசையின் சுருக்கமே பெரிதும் உதவுகின்றது. நடக்கும்போது அது தொழிற்படும். ஓரிடத்திலே நின்றுகொண்டிருந்தால் அது ஓய்ந்து, கால் வீங்கும். ஒரு காலுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் என்பது போதிய அளவு. மனித உடலிலுள்ள 206 எலும்புகளுள் 52 எலும்புகள், அதாவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, இவ்விரு பாதங்களிலும் இருக்கின்றன. அத்துணை நுண்ணிய ஓர் அமைப்பைக் கையில் ஏந்துகின்றோம் என்ற எண்ணம் பிடிப்பவருக்கு இருப்பின், அழுத்தம் தானே அளவுபடும்.

உள்ளங்காலின் ஒவ்வொரு புள்ளியும் உடலின் ஓர் உறுப்போடு தொடர்புடையது, அப்புள்ளியை அழுத்தினால் அவ்வுறுப்பின் நோய் தீரும் என்று கூறுவோர் உளர். வில்லியம் பிற்ஸ்ஜெரால்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் 1917ஆம் ஆண்டு வெளியிட்ட கருத்தும், யூனிஸ் இங்கம் என்பார் 1930களிலே அதனைப் பாதத்துக்கெனச் சிறப்பாக விரித்ததும் இதற்கு அடிப்படை. அவ்வகைத் தொடர்பை மருத்துவ ஆய்வு நிறுவவில்லை. தசை தளர்தல், நோவு தணிதல், மனம் ஆறுதல், நித்திரை கூடுதல் என்பனவே காலைப் பிடித்து விடுவதனாற் பொதுவாக எதிர்பார்க்கத்தக்கன. அவற்றுக்கு மேலாக ஒன்று எங்கள் வீட்டிலே நிகழ்ந்தது. அது எந்தப் புள்ளியை அழுத்தியதனாலும் வந்ததன்று. காலைக் கையில் எடுத்துப் பார்த்ததனால் வந்தது.

நாலாம் நாள் என நினைக்கிறேன். வலக்காற் பெருவிரலின் அடியிலே ஒரு சிறு புண்ணைக் கண்டேன். மிலாறு குத்தி ஆறாமற் போனது. அதன் அருகே அழுத்தியபோது அம்மா முகம் சுளிக்கவில்லை. "நோகுதாம்மா?" என்றேன். "எங்க?" என்றார். அவரது கண்களை மூடச்சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட்டேன். எந்த விரலைத் தொடுகிறேன் என அவராற் கூற முடியவில்லை. "அது கொஞ்ச நாளா மரத்துப் போயித்தான் கெடக்கு. ஒழைக்கிற காலுன்னா அப்பிடித்தான்" என்று அதனை ஓர் இயல்பான காரியம்போலச் சொன்னார். மறுநாள் அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்றோம். குருதியைச் சோதித்தபோது சீனி வருத்தம் என்பது தெரிந்தது. காலின் உணர்ச்சி நரம்புகளை அது தாக்கத் தொடங்கியிருந்தது. இவ்வாறு உணர்ச்சி குன்றிய பாதத்திலே ஒரு சிறு புண் தெரியாமலே பெருகி, ஈற்றில் விரலையோ காலையோ அகற்றும் நிலைக்குக் கொண்டுசென்றுவிடும் என வைத்தியர் விளக்கினார். சில கிழமைகள் மருந்து கட்டியதிற் புண் ஆறிற்று. குளிசைகள் தொடர்கின்றன.

இதன்பின் எங்கள் முறையிலும் மாற்றங்கள் வந்தன. உணர்ச்சி குன்றிய காலைச் சுடுதண்ணீரில் வைத்தல் ஆபத்து. சூடு தெரியாமலே கால் வெந்துவிடும். ஆதலால் ஊறவைத்தலை நிறுத்தினோம். இளஞ்சூட்டு நீராற் கழுவுவதுடன் சரி. அதையும் அம்மா காலால் அன்றி நானே கையால் அளந்து பார்ப்பேன். அழுத்தமும் குறைந்தது. விரலிடுக்கில் எண்ணெய் பூசுவதில்லை. நாள்தோறும் உள்ளங்காலை வெளிச்சத்திலே பிடித்துப் பார்ப்பது பிடித்து விடுவதிலும் முக்கியமாயிற்று. பொதுவாக அறிந்திருக்க வேண்டியவை வேறும் உள. ஒரு கால் மாத்திரம் திடீரென வீங்கி, சிவந்து, சுடுமாயின் அதனை ஒருபோதும் நீவலாகாது. உள்நாளத்திலே குருதி உறைந்திருக்கக்கூடும், உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். முறுக்கி வீங்கிய நாளங்களின்மேல் அழுத்தலாகாது. புதிதாகச் சுளுக்கிய கணுக்காலையும், ஆறாத புண்ணையும் தேய்த்தல் தகாது.

காலைப் பிடித்து விடும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேரே பார்ப்பதில்லை. பிடிப்பவரின் பார்வை காலில் இருக்கும். மற்றவரின் பார்வை வெளியே எங்கேனும் இருக்கும். அதனாலேயோ என்னவோ பேச்சு இலகுவாக வருகின்றது. தாம் பதினாறு வயதிலே முதன்முதல் மலைக்கு ஏறிய நாளைப்பற்றி அம்மா அப்போதுதான் எனக்குச் சொன்னார். என்னை வயிற்றிலே சுமந்துகொண்டு எட்டாம் மாதம்வரை கூடை சுமந்ததையும், பிறந்த பின்னர் பிள்ளைக் காம்பராவில் என்னை விட்டுவிட்டு மலையிலிருந்து பாலூட்ட இறங்கி ஓடி வந்ததையும் சொன்னார். "அந்த ஓட்டத்தில வந்த நோவுதான் இந்தக் குதிகால்ல" என்றார். அது மருத்துவப்படி சரியோ பிழையோ, அந்தக் குதிக்காலை அதன்பின் நான் தொடும் விதம் வேறாயிற்று.

இவை யாவற்றையும் என் தந்தையார் மூலையிலே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கவ்வாத்து வெட்டுபவர். அவர் காலும் உளையும். அவர் காலை அம்மா பிடித்துவிட நான் சிறுவயதிலிருந்தே கண்டிருக்கிறேன். அவர் என் செயலைத் தடுக்கவுமில்லை, மெச்சவுமில்லை. இரண்டாம் கிழமையிலே ஒருநாள் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து என்னருகே வைத்தார். பின்னொருநாள் பேசினைத் தாமே கழுவி வைத்தார். விடுமுறை முடிந்து நான் பேராதனைக்குத் திரும்பிய சில நாள்களின்பின் தொலைபேசியிலே, "கால் எப்பிடி இருக்கும்மா?" என்று கேட்டேன். அம்மா குரலைத் தாழ்த்தி, "அப்பாதான் பாக்குறாரு. கதவச் சாத்திக்கிட்டுத்தான்" என்றார். அக்குரலிலே வெட்கமும் இருந்தது. அதனினும் மேலான ஒரு மகிழ்ச்சியும் இருந்தது.

அந்தக் கதவு இன்னும் சாத்தியே இருக்கின்றது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒரு கணவன் மனைவியின் காலைப் பிடித்துவிடுவது அயலவர் காணத்தகாத காரியமாகவே எங்கள் லயத்தில் இன்றும் கருதப்படுகின்றது. எங்கள் லயம் மாத்திரம் இதற்கு விதிவிலக்கன்று. மாடிவீடுகளிலும் பேராசிரியர் இல்லங்களிலும் நிலைமை பெரிதும் வேறாக இருக்குமென நான் நம்பவில்லை. சமத்துவத்தைப்பற்றி நாம் விரிவுரை மண்டபங்களிலே நிறையக் கேட்கிறோம். விடைத்தாள்களிலும் நிறைய எழுதுகிறோம். ஒரு வீட்டிலே யார் காலை யார் பிடித்து விடுகின்றனர் என்று கேட்டால், அவ்வீட்டின் உறவுமுறையை ஓரளவு அறிந்துகொள்ளலாம். யார் காலை எவருமே பிடிப்பதில்லை என்று கேட்டால், இன்னும் நன்றாக அறிந்துகொள்ளலாம்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு பேசின், ஒரு துவாய், ஒரு கரண்டி எண்ணெய், அரைமணி நேரம் ஆகியனவே தேவை. இம்முறை விடுமுறைக்கு வீடு செல்லும் நண்பர்கள், நின்று சமைத்த கால்களையும், வயலில் இறங்கிய கால்களையும், வகுப்பறையில் நாள் முழுவதும் நின்ற கால்களையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பார்களாக. முதலில் அக்கால் பின்னிழுத்துக்கொள்ளும். அதற்காக மனந்தளர வேண்டியதில்லை. தண்ணீர் ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடும்.